எந்தப் பக்கமும் நிற்கும் இருபத்து நான்கு பேர்

செவ்வாய்க்கிழமை காலை, யாரோ ஒரு பெரியவருடைய மேல்வரிசைப் பல் செட்டுக்கு நிறம் பார்த்துக்கொண்டிருந்தபோது சின்னவனுக்கு அவன் அண்ணனிடமிருந்து செய்தி வந்தது. மூன்று வருடத்தில் வந்த முதல் செய்தி.

"ஞாயிறு மூணு மணிக்கு ஆட்டம். ஒரு பட்டாளம் கொண்டு வா. 28 மி.மீ. 24 பேர். நீயே வாங்கி, நீயே பெயின்ட் அடிச்சது."

அவ்வளவுதான். நல்லா இருக்கியா என்று இல்லை. தம்பி என்றும் இல்லை, டேய் என்றும் இல்லை. சின்னவன் அதை நான்கு முறை படித்தான். அதற்குள் கையிலிருந்த கோரைப்பல்லுக்குக் கொஞ்சம் மஞ்சள் கூடிப்போயிற்று.

சின்னவன் என்றதும் யாரோ பொடியன் என்று நினைத்துவிட வேண்டாம். நாற்பத்தாறு வயது. பல் செட் செய்து தரும் கூடத்தில் இருபது வருடமாக வேலை. டாக்டர்கள் அனுப்புகிற அச்சை வைத்துப் பல் செய்து, அதற்கு அசல் பல் போலவே நிறம் ஏற்றுவதில் அந்த வட்டாரத்தில் அவனை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. மூன்றாவதாகப் பிறந்த பாவத்துக்கு வீட்டில் இன்னும் சின்னவன். மூத்தவர் அண்ணன், கட்டடங்களில் மின் இணைப்பைச் சரிபார்க்கும் இன்ஸ்பெக்டர். நடுவில் அக்கா.

அண்ணனுக்கு ஒரு பைத்தியம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் நடந்த போர்களை மேஜை மேல் நடத்திப் பார்ப்பது. கட்டைவிரலில் பாதி உயரமுள்ள உலோக வீரர்களை வரிசையாக நிறுத்தி, டேப் வைத்து அளந்து நகர்த்தி, பகடை உருட்டி யார் பிழைத்தார், யார் போனார் என்று முடிவு செய்வார்கள். வளர்ந்த ஆண்கள் நான்கு மணி நேரம் இதற்காகச் சண்டை போடுவதைச் சின்னவன் கண்ணால் பார்த்திருக்கிறான். ஐந்து வருடம் அண்ணனின் வீரர்களுக்கு வர்ணம் பூசியதே அவன்தான். பல்லுக்கு நிறம் வைக்கிற கை ஆயிற்றே. அண்ணன் பெட்டியைக் கொடுத்து, "கோட்டு கருநீலம், காலர் சிவப்பு, தொப்பி கறுப்பு, அதுல கூர் பித்தளை" என்பார். சின்னவன் "சரி" என்பான். அறுநூறு பேருக்கு மேல் பூசியிருப்பான். அவர்கள் யார், எந்த ஊர், எதற்காகக் கூர் வைத்த தொப்பியோடு நடக்கிறார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஆட்டத்தில் உட்கார்ந்ததும் இல்லை.

அந்த "சரி"தான் அவனுக்கு எமன்.

மூன்று வருடத்துக்கு முன் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆயிற்று. இனித் தனியாக இருக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சின்னவன் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அண்ணன் தன் வீட்டுக்கு வரச் சொன்னார், அக்கா தன் வீட்டுக்கு வரச் சொன்னாள். அம்மா இரண்டு பேர் மனதையும் நோகடிக்கப் பயந்து, "சின்னவன் எங்க சொல்றானோ அங்க போறேன்" என்று பந்தை இவன் பக்கம் தள்ளிவிட்டாள். அண்ணன் போன் செய்தார். "அம்மா எங்ககூட இருக்கட்டும்டா, என்ன சொல்ற?" சின்னவன் "சரி" என்றான். ஒரு மணி நேரம் கழித்து அக்கா போன் செய்தாள். அவளுக்கும் "சரி".

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அம்மா வீட்டு வாசலில் இரண்டு கார்கள் வந்து நின்றன. அம்மா ஒரு கையில் ஊன்றுகோலும் மறு கையில் மருந்துப் பையுமாக நடுவில் நின்றாள். அண்ணன் இவனைப் பார்த்தார். அக்காவும் இவனைப் பார்த்தாள். சின்னவன் என்ன செய்தான் தெரியுமா? "தண்ணி குடிச்சிட்டு வர்றேன்" என்று உள்ளே போனான். சமையலறையில் கால் மணி நேரம் நின்றான். வெளியே வந்தபோது அக்காவின் காரில் அம்மா உட்கார்ந்திருந்தாள். அண்ணனின் கார் போய்விட்டிருந்தது. அன்று போனவர் அதற்குப் பிறகு தம்பியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கே சில சமயம் அவனைப் பிடித்து உலுக்கலாம் போல இருக்கும். ஆனால் அந்த மூன்று வருடமும் அவன் போன் மணி அடிக்கும்போதெல்லாம் அண்ணனோ என்று எடுத்துப் பார்த்தது உண்மை. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மறுபடி பேசுவாரா, மாட்டாரா என்பதைத் தவிர அவனுக்கு இப்போது வேறு கவலை இல்லை.

மாலை வீட்டுக்கு வந்து மனைவியிடம் செய்தியைக் காட்டினான். அவள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்பவள். எதையும் இது தெரிகிறதா, அது தெரிகிறதா என்று நேராகக் கேட்டே பழகியவள்.

"இதுல என்ன குழப்பம்?"

"எந்தப் பட்டாளம்னு சொல்லலையே. அவர் பக்கமா, எதிர்ப்பக்கமா? எதிர்ப்பக்கம் வாங்கிட்டுப் போனா சண்டைக்கு வந்திருக்கான்னு நினைப்பாரு. அவர் பக்கமே வாங்கிட்டுப் போனா ஐஸ் வைக்கிறான்னு நினைப்பாரு."

"கேளுங்க. போன் இருக்கு, வாய் இருக்கு."

சின்னவன் போனை எடுத்தான். "எந்த வருஷம் அண்ணா?" என்று அடித்து அழித்தான். "உங்க பக்கமா அண்ணா?" என்று அடித்து அதையும் அழித்தான். மூன்று வருடம் கழித்து அனுப்புகிற முதல் வார்த்தை கேள்வியாக இருந்தால் அவருக்கு எரிச்சல் வருமோ என்று தோன்றியது. கடைசியில் ஒரே ஒரு வார்த்தை அனுப்பினான். "சரி." மனைவி எட்டிப் பார்த்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

புதன்கிழமை சாயங்காலம் கடைக்குப் போனான். அண்ணன் எல்லாவற்றையும் தபாலில் வரவழைப்பவர், அதனால் இந்தக் கடைக்காரருக்கு அவரைத் தெரியாது. கடிகாரம் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே, செங்குத்தான படி ஏறினால் ஓர் அறை. தரையிலிருந்து கூரை வரை சின்னச் சின்ன அட்டைப் பெட்டிகள். கடைக்காரர் நெற்றியில் பூதக்கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு, ஒரு குதிரையின் காலை ஒட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன அளவு சார்?"

"இருபத்தெட்டு மில்லிமீட்டர்."

"எந்தக் கம்பெனி இருபத்தெட்டு?"

இருபத்தெட்டு என்றால் இருபத்தெட்டுதானே என்று நினைத்த சின்னவனுக்கு முதல் அடி அங்கே விழுந்தது. ஒரு வீரனை எடுத்து, சட்டைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் பல் அளக்கும் கருவியால் அளந்தான்.

"இது முப்பத்திரண்டு இருக்கே."

"நீங்க தொப்பி வரைக்கும் அளந்துட்டீங்க. கண்ணு வரைக்கும்தான் அளக்கணும்."

"கண்ணு வரைக்குமா? அதுக்கு மேல இருக்கிற தலை?"

"தலை மேலதான் தொப்பி உக்காந்திருக்கே. எங்கேர்ந்து அளப்பீங்க? ஒவ்வொரு நாட்டுத் தொப்பியும் ஒவ்வொரு உயரம். அதனால உள்ளங்கால்லேர்ந்து கண்ணு."

சின்னவன் கண் வரைக்கும் அளந்தான். இருபத்தெட்டு வந்தது. நிம்மதியாகப் பக்கத்துப் பெட்டியிலிருந்து இன்னொருவனை எடுத்து அளந்தான். பெட்டியில் அதே இருபத்தெட்டு, ஆளோ முப்பது. கை ஒவ்வொன்றும் கர்லாக்கட்டை மாதிரி.

"அது குண்டு இருபத்தெட்டு. முதல்ல பாத்தது ஒல்லி இருபத்தெட்டு" என்றார் கடைக்காரர். "ரெண்டையும் பக்கத்துல நிறுத்திடாதீங்க. அப்பாவும் புள்ளையும் சேந்து சண்டைக்கு வந்த மாதிரி இருக்கும்."

"எங்க அண்ணன்கிட்ட இருக்கிறது எதுன்னு எனக்குத் தெரியலையே."

"அவர் ஆளு கையில துப்பாக்கி எப்படி இருக்கும்? நிஜத் துப்பாக்கி மாதிரி மெல்லிசா, இல்ல உலக்கை மாதிரியா?"

அறுநூறு துப்பாக்கிகளுக்கு அவனே மரக்கலர் பூசியிருக்கிறான். கண்ணை மூடி நினைத்துப் பார்த்தான். மெல்லிசு. பிரஷ் நுனி ஒற்றை மயிராக இருந்தால்தான் பூச முடியும். அப்படியானால் ஒல்லி இருபத்தெட்டு. ஒன்றாவது தெளிவானதில் அவனுக்கு உயிர் வந்தது. ஆனால் அடுத்த கேள்வி தயாராக இருந்தது.

"எந்த வருஷம் சார்?"

"பத்தொன்பதாம் நூற்றாண்டு."

"அது நூறு வருஷம்."

சின்னவன் கையிலிருந்த வீரனைப் பெட்டியில் திரும்ப வைத்தான்.

"சரி விடுங்க. யாரோட சண்டை?"

"எங்க அண்ணனோட."

கடைக்காரர் பூதக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "அது உங்க வீட்டு விஷயம். மேஜை மேல உங்க அண்ணன் யாரு? என்ன தொப்பி?"

"கூர் வச்ச தொப்பி. கருநீலக் கோட்டு."

"ப்ரஷ்யா, அந்தக் கால ஜெர்மன்காரங்க" என்று கடைக்காரர் விடுகதைக்கு விடை கிடைத்தவர் மாதிரி நிமிர்ந்தார். "அப்ப சுலபம். ஆயிரத்து எண்ணூத்து அறுபத்துநாலுன்னா எதிரி டென்மார்க். அறுபத்தாறுன்னா ஆஸ்திரியா, இதோ வெள்ளைக் கோட்டு. எழுபதுன்னா பிரான்ஸ், சிவப்புக் கால்சட்டை. இதுல எது?"

"ஆஸ்திரியா எப்பவுமே ப்ரஷ்யாவுக்கு எதிரியா?"

"எப்பவும் இல்ல. அறுபத்துநாலுல ரெண்டு பேரும் ஒண்ணா சேந்து டென்மார்க்கை அடிச்சாங்க. ரெண்டு வருஷத்துல அவங்களே முட்டிக்கிட்டாங்க."

"ஏன்?"

"ஜெயிச்சதை யார் வச்சுக்கறதுன்னுதான்."

சின்னவனுக்கு அம்மாவின் வாசல் ஞாபகம் வந்தது. பேச்சை மாற்ற, கைக்குக் கிடைத்த இன்னொரு பெட்டியைத் திறந்தான். வெளிர்நீலக் கோட்டுக்காரர்கள். தலையில் தோல் தொப்பி, அதன் உச்சியில் முன்னிருந்து பின்னாக ஒரு கறுப்புக் கம்பளிப்பூச்சி ஏறிப் படுத்திருப்பது மாதிரி உரோமக் கொண்டை.

"இவங்க யாரு?"

"பவேரியா. அப்ப தனி ஜெர்மன் நாடு, அறுபத்தாறுல ப்ரஷ்யாவுக்கு எதிரா நின்னாங்க. எழுபதுல ப்ரஷ்யாவோட சேந்து நின்னாங்க. அதே கோட்டு, அதே தொப்பி. இந்த அளவு பொம்மையில ஒரு வித்தியாசமும் தெரியாது."

சின்னவன் நிமிர்ந்து பார்த்தான். "நாலு வருஷத்துல பக்கம் மாறிட்டாங்களா?"

"மாறிட்டாங்க."

"அப்ப இவங்களை எந்தப் பக்கம் வேணாலும் நிறுத்தலாம்?"

"வருஷத்தைப் பொறுத்து, நிறுத்தலாம்."

அந்த வினாடி சின்னவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மூன்று நாள் வயிற்றுவலி சட்டென்று நின்றவன் முகம். அவனுக்காகவே அளந்து தைத்த மாதிரி ஒரு நாடு உலகத்தில் இருந்திருக்கிறது, இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று பூரித்துப்போனான். அண்ணன் எதிரியாக நினைத்துக் கூப்பிட்டிருந்தால் எதிரி. கூட நிற்கக் கூப்பிட்டிருந்தால் கூட்டாளி. எப்படிப் பார்த்தாலும் தப்பு சொல்ல முடியாது.

"நடக்குறவங்க வேணுமா, சுடுறவங்களா, பாயுறவங்களா?" என்றார் கடைக்காரர்.

இதற்கும் பத்து நிமிடம் ஆயிற்று. அண்ணனைப் பார்த்துச் சுடுவதா? கத்தி செருகிய துப்பாக்கியோடு அண்ணன் மேல் பாய்வதா? நடக்கிறவர்களை எடுத்தான். நடப்பவன் வருகிறான் என்றும் சொல்லலாம், போகிறான் என்றும் சொல்லலாம். எட்டு எட்டாக மூன்று பெட்டி.

வியாழனும் வெள்ளியும் மதிய சாப்பாட்டு நேரத்தில் கூடத்திலேயே வேலையைத் தொடங்கினான். பல்லை நிறுத்துகிற குச்சிகளில் மெழுகு வைத்து வீரர்களை நிறுத்தினான். ஒரு வரிசை பல், ஒரு வரிசை பவேரியா. வெளிர்நீலம் சரியாக வரவில்லை. முதலில் ஆஸ்பத்திரித் திரைச்சீலை மாதிரி வந்தது. கொஞ்சம் கறுப்புச் சேர்த்தால் ப்ரஷ்யா பக்கம் போனது, வெள்ளை சேர்த்தால் ஆஸ்திரியா பக்கம் போனது. எட்டு முறை கலந்த பிறகுதான் நடுவில் ஒரு நீலம் பிடிபட்டது. இதற்கிடையில் ஒரு டாக்டர் போன் செய்து முன்பல் என்ன ஆயிற்று என்று கேட்டார். "காலர் மட்டும் பாக்கி சார்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

சனிக்கிழமை வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் முகங்கள். இருபத்து நான்கு பேருக்கும் கண் வைத்தான். குண்டூசித் தலையில் பாதி அளவு வெள்ளை, அதற்குள் ஒரு புள்ளி. மனைவி காபி கொண்டு வந்து வைத்துவிட்டு, தொழில் பழக்கத்தில் குனிந்து ஒவ்வொரு கண்ணாகப் பார்த்தாள்.

"பார்வை எல்லாம் நல்லா இருக்கு. ஆனா ஒருத்தன்கூட நேரா பாக்கலையே. எல்லாரும் ஓரக்கண்ணால பாக்குறாங்க."

"நடக்கும்போது அப்படித்தான் பாப்பாங்க."

"இவங்க யாரு?"

சின்னவன் பெருமையோடு பவேரியாவின் சிறப்பை எடுத்துச் சொன்னான். அவள் முழுவதும் கேட்டாள். அவள் முகம் மாறியதை அவன் கவனிக்கவில்லை.

"உலகத்துல இத்தனை பட்டாளம் இருக்கு" என்றாள். "தேடிப் பிடிச்சு இதையா வாங்குனீங்க?"

"ஏன், நல்லா இல்லையா?"

"அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். இவனுக்கு ஏன் என்று புரியவில்லை. நீலம் கொஞ்சம் தூக்கலோ என்று மறுபடி விளக்கடியில் பிடித்துப் பார்த்தான்.

ஞாயிறு மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அண்ணன் வீட்டு மணியை அடித்தான். கதவைத் திறந்தது அண்ணன்தான். தலை நன்றாக நரைத்திருந்தது. மூன்று வருடத்தில் இவ்வளவா என்று சின்னவன் அந்தத் தலையையே பார்த்தான்.

"கொண்டு வந்தியா?"

"கொண்டு வந்திருக்கேன் அண்ணா."

"உள்ள வா."

பின்பக்கத்து அறையில் அதே பழைய மேஜை. பச்சைத் துணி விரித்திருந்தது. ஆனால் துணி மேல் ஒன்றுமே இல்லை. மரம் இல்லை, வீடு இல்லை, பாலம் இல்லை. மூன்று மணி ஆட்டத்துக்கு ஒரு மணிக்கே காட்டையும் மேட்டையும் அடுக்கிவிடுகிற அண்ணன், வெறும் துணியை விரித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். சின்னவனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எப்போதும் வருகிற இரண்டு கூட்டாளிகளும் இருந்தார்கள். ஒருவர் வக்கீல், இன்னொருவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் டிரைவிங் மாஸ்டர். இரண்டு பேர் மடியிலும் மூடி திறக்காத பெட்டி. கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி இவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"திற" என்றார் அண்ணன்.

சின்னவன் பெட்டியைத் திறந்து ஒவ்வொருவராக எடுத்துத் துணி மேல் வைத்தான். டிரைவிங் மாஸ்டர் எழுந்து வந்து குனிந்தார். "யப்பா, கண்ணைப் பாருங்க. இமைக்கிற மாதிரி இருக்கு." வக்கீல், "பித்தான்ல எல்லாம் வெளிச்சம் வச்சிருக்காரு" என்றார். அண்ணன் ஒருவனை விரலால் தூக்கித் தன் மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"பவேரியா."

"ஆமா அண்ணா."

"ஏன் பவேரியா?"

இங்கே அவன் பொய் சொல்லியிருக்கலாம். தொப்பி பிடித்தது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அண்ணன் மூன்று வருடம் கழித்துக் கேட்கிற கேள்வி ஆயிற்றே; போதாததற்குத் தன் சாமர்த்தியம் அவருக்குப் பிடிக்கும் என்று வேறு நம்பிவிட்டான்.

"நீங்க எந்த வருஷம்னு சொல்லலை. இவங்கன்னா எந்தப் பக்கமும் நிப்பாங்க. உங்களுக்கு எது வசதியோ அப்படி வச்சுக்கலாம்னு..."

வக்கீல் ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்தார். டிரைவிங் மாஸ்டர் தன் நாற்காலிக்குத் திரும்பிப் போனார். அண்ணன் கையிலிருந்த வீரனைக் கீழே வைத்தார்.

"நான் ஏன் வருஷம் சொல்லலைன்னு நினைச்ச?"

"மறந்துட்டீங்கன்னு..."

"நான் மறப்பேனா?" அவர் குரல் உயரவில்லை. "அவர் பெட்டியில ஆஸ்திரியா. இவர் பெட்டியில பிரான்ஸ். நீ எதைக் கொண்டு வர்றியோ அதுக்கேத்த மாதிரி மேஜை போடலாம்னு மூணு பேரும் ஒரு மணிலேர்ந்து சும்மா உக்காந்திருக்கோம். நீ வெள்ளைக் கோட்டு கொண்டு வந்தா அறுபத்தாறு. சிவப்புக் கால்சட்டைன்னா எழுபது. கூர்த்தொப்பியே கொண்டு வந்து என் பக்கத்துல நின்னாலும் சரி. எதிர்ல நின்னாலும் சரி. எனக்கு எதுவும் வருத்தம் இல்ல. நீயா ஒண்ணை எடுத்துட்டு வரணும்னுதான் நான் வாயைத் திறக்கல."

சின்னவன் மேஜையைப் பார்த்தான். இருபத்து நான்கு பேரும் எங்கோ ஓரமாகப் பார்த்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தார்கள். அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. நான்கு நாள், எட்டு முறை கலந்த நீலம், ஒற்றை மயிர் பிரஷ், எல்லாம் சேர்த்து அவன் செய்துகொண்டு வந்திருப்பது அதே "சரி"யைத்தான்.

"கடையில நூறு பட்டாளம் இருந்திருக்கும்" என்றார் அண்ணன். "அதுல எந்தப் பக்கமும் நிக்காத ஒண்ணைக் கண்டுபிடிச்சிருக்கியே. உன்னால மட்டும்தான்டா முடியும்."

"தண்ணி..." என்று சின்னவன் எழப் போனான். அவனை அறியாமல் வந்துவிட்ட வார்த்தை.

"உக்காரு."

உட்கார்ந்தான்.

"இப்பவும் கெட்டுப் போகல. அறுபத்தாறா, எழுபதா? சொல்லு. எழுபதுன்னா என்கூட நிக்கிற, பிரான்ஸை ரெண்டு பேரும் அடிக்கலாம். அறுபத்தாறுன்னா எனக்கு எதிரா நிக்கிற. முன்னாடியே சொல்லிடறேன், அறுபத்தாறுல என் ஆளு துப்பாக்கிக்குப் பின்பக்கமா தோட்டா போடுவான். படுத்துக்கிட்டே சுடுவான். உன் ஆளு நின்னுக்கிட்டுக் குழாய் வாயில மருந்து இடிக்கிறதுக்குள்ள அவன் நாலு தடவை சுட்டிருப்பான்."

எழுபது என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அண்ணனோடு ஒரே பக்கம். சிரித்துப் பேசி, டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். வாய் வரை வந்துவிட்டது. அண்ணன் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் வாசலிலும் இப்படித்தான் பார்த்தார். அன்று அவர் கேட்டதும் பதில்தான், காருக்குள் அம்மாவை ஏற்றுவதற்கான அனுமதி இல்லை என்பது இப்போதுதான் இந்த மரமண்டைக்கு உறைத்தது.

"அறுபத்தாறு" என்றான் சின்னவன். குரல் அவனுடையது மாதிரியே இல்லை. பிறகு, நின்றால் மறுபடி வராது என்று பயந்து, மூச்சு விடாமல் சொன்னான். "அம்மா அக்காகிட்ட போறதுதான் நல்லதுன்னு நான் நினைச்சேன். உங்க வீட்டுல அத்தனை படி. நீங்களும் அண்ணியும் காலைல போனா சாயங்காலம்தான் வருவீங்க. அக்கா பகல்ல வீட்டுல இருக்கா. அன்னைக்கும் அப்படித்தான் நினைச்சேன், இன்னைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்."

டிரைவிங் மாஸ்டர் தன் பெட்டியின் மூடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அதை ஏன் அன்னைக்குச் சொல்லல?"

"உங்களுக்குக் கோபம் வரும்னு."

"வந்திருக்கும்" என்றார் அண்ணன். "ஒரு வாரம் இருந்திருக்கும். மிஞ்சிப் போனா ஒரு மாசம்."

சின்னவன் தலையைக் குனிந்துகொண்டான். கண்ணில் தண்ணீர் முட்டியது, அதைத் துடைக்கவும் வெட்கமாக இருந்தது. ஒரு மாதத்துக்குப் பயந்து மூன்று வருடத்தை வாங்கிக் கட்டிக்கொண்டவன் அவன். அந்த மூன்று வருடத்தில் அண்ணன் தலையும் நரைத்துவிட்டது.

அண்ணன் எழுந்து அலமாரியிலிருந்து பெட்டிகளை இறக்கினார். வக்கீலிடம், "வக்கீல் சார், உங்க வெள்ளைக் கோட்டுக்காரங்களை எடுங்க, அவனுக்கு வலப்பக்கம் நில்லுங்க" என்றார். பிரான்ஸோடு வந்த டிரைவிங் மாஸ்டருக்கு நடுவர் வேலை. அவர் கொஞ்சம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் விதிப்புத்தகத்தைக் கையில் எடுத்தார். காடு வந்தது, மேடு வந்தது, அட்டையில் செய்த ஓர் ஆறு வந்தது. மேஜையின் அந்தப் பக்கம் கருநீலக் கோட்டுக்காரர்கள் வரிசை வரிசையாக வந்து நின்றார்கள். ஒவ்வொருவனும் சின்னவன் கையால் பூசியவன்.

"எங்க வைக்கணும்னு தெரியலை அண்ணா" என்றான் சின்னவன். உண்மையிலேயே தெரியவில்லை. விதிகளில் ஒன்றுகூட அவனுக்குத் தெரியாது.

"ஆத்துக்கு இந்தப் பக்கம், ஓரத்துலேர்ந்து பன்னிரண்டு அங்குலத்துக்குள்ள. எங்க வேணா வை. என்னைப் பாத்து வை."

சின்னவன் ஒவ்வொருவராக எடுத்து, டேப்பால் அளந்து, முகத்தை அண்ணன் பக்கம் திருப்பி வைத்தான். டேப்பின் முனை பட்டு இரண்டு பேர் விழுந்தார்கள். நிமிர்த்தி வைத்தான். இருபத்து நான்காவது ஆளையும் அவருக்கு எதிராக நிறுத்தி முடித்தபோது, அண்ணன் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து, அவனுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார்.